சரிசெய்த வால்வு மறுபடியும் கசிந்தால்?

வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சைத் திறந்து இதய வால்வைச் சரிசெய்தாயிற்று, சில வருடம் நன்றாகப் போயிற்று, இப்போது மறுபடியும் ஆபரேஷன் என்கிறார்கள், என்ன செய்வது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கங்கள் முழுக்க வால்வுக்கே. கடிதங்களில் அடிக்கடி வரும் மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே, ரத்தம் பின்னால் திரும்பாமல் தடுக்கும் கதவு. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 47. ஒன்பது வருடம் முன்பு மைட்ரல் வால்வில் கசிவு என்று ஆபரேஷன் செய்து ரிங் வைத்தார்கள். வால்வை மாற்றவில்லை, ரிப்பேர்தான். அதன் பிறகு வீட்டு வேலை, வயல் வேலை எல்லாம் செய்தார். இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறார். எக்கோ பார்த்துவிட்டு, வால்வு சுருங்கியும் இருக்கிறது, கசியவும் செய்கிறது, இந்தத் தடவை மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். அம்மாவோ, "ஒரு தடவை நெஞ்சைப் பொளந்தது போதும், என்னை விட்டுருங்க" என்கிறார். முதலில் செய்த டாக்டர் சரியாகச் செய்யவில்லையா? மறுபடியும் ரிப்பேர் செய்ய முடியாதா? இரண்டாவது ஆபரேஷன் உயிருக்கு ஆபத்தா?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: முதலில் உங்கள் மனதில் இருக்கும் அந்தச் சந்தேகத்தை எடுத்துவிடுகிறேன். ஒன்பது வருடம் வயலில் இறங்கி வேலை பார்க்கும் அளவுக்கு வைத்திருந்த ரிப்பேர், மோசமான ரிப்பேர் அல்ல. ஆபரேஷனில் தையல் பிரிந்தது, ரிங் ஒரு பக்கம் கழன்றது, கசிவு முழுசாக நிற்கவில்லை என்பது மாதிரியான கோளாறுகள் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே, மிஞ்சிப்போனால் ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிடும். பல வருடம் கழித்து வருவது வேறு கதை. அம்மாவுக்குச் சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் வந்ததா என்று பாட்டியிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். அம்மாவின் வயதில் வால்வு சுருங்குவதும் கசிவதும் ஒன்றாக இருந்தால் நம் ஊரில் முக்கால்வாசி அது ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையில் வரும், உடம்பு அதை எதிர்க்க உண்டாக்கும் ஆயுதம் தப்பித் தன் சொந்த வால்வையே தாக்கும். கிருமி போய்விட்டாலும் வால்வின் இதழ்களில் தழும்பு வளர்ந்துகொண்டே இருக்கும். ரிப்பேர் செய்த சர்ஜன் அந்த இதழ்களைப் பிரித்து, தடித்த இடத்தைச் சீவி, ரிங் வைத்து வளையத்தை ஒடுக்கிக் கொடுத்திருப்பார். ஆனால் இதழ் அதே இதழ். நோயும் அதற்குள்ளேயே இருக்கிறது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த தோல் செருப்பு மாதிரி அது வருடா வருடம் விறைத்துச் சுருங்கும்.

வெளிநாட்டில் ரிப்பேர் செய்து இருபது வருடம் ஆகியும் நன்றாக இருக்கிறார்கள் என்று படித்திருப்பீர்கள், அதுவும் உண்மைதான். பிரான்ஸைச் சேர்ந்த சர்ஜன் அலன் கார்பான்டியே இந்த ரிப்பேர் முறைகளை 1983-ல் ஒழுங்காக வகுத்து எழுதினார், அதன் பிறகுதான் உலகம் முழுக்க இது பரவியது. அங்கே ரிப்பேருக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு வயதாக ஆக இதழ் தொளதொளத்து, அதைப் பிடித்திருக்கும் நாண் அறுந்து கசிவு வந்திருக்கும். இதழ் மென்மையாக, இளக்கமாக இருக்கும், வெட்டித் தைக்க வசதி, தைத்தது நிற்கும். ருமாட்டிக் வால்வில் அந்த வசதி கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்து உங்கள் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள்.

மறுபடியும் ரிப்பேர் முடியுமா என்றால், சில சமயம் முடியும். கசிவு மட்டும், காரணம் ஒரே ஒரு இடத்தில், இதழ் இன்னும் இளக்கமாக இருக்கிறது என்றால் கைதேர்ந்த சர்ஜன் இரண்டாவது தடவையும் சரிசெய்வார். அம்மாவுக்குச் சுருக்கமும் சேர்ந்திருக்கிறது, ருமாட்டிக் வேறு. மாற்றுவதுதான் சரி என்று உங்கள் டாக்டர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு தடவை ஒட்டுப்போட்டு, நாலைந்து வருடத்தில் மூன்றாவது தடவை நெஞ்சைத் திறக்க வைப்பது அம்மாவுக்குச் செய்யும் நல்லதல்ல.

இப்போது ஆபத்து விஷயம். மறைக்காமல் சொல்கிறேன், இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்தான். ஏன் என்று தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும். முதல் தடவை நெஞ்செலும்பைத் திறக்கும்போது அதற்கும் இதயத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும், இதயம் தன் உறைக்குள் தனியாக இருக்கும். ஆபரேஷன் முடிந்து ஆறும்போது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலது கீழறையோ பெருந்தமனியோ நேராக எலும்பின் பின்பக்கத்திலேயே ஒட்டியிருக்கலாம். அப்படியே ரம்பத்தை வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்புக்கும் இதயத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். இடைவெளி இல்லையென்றால் நெஞ்சைத் தொடுவதற்கு முன்பே தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக் குழாய்களில் டியூப் போட்டு இதய நுரையீரல் மெஷினைத் தயாராக வைத்துக்கொள்வோம், தேவைப்பட்டால் முதலிலேயே ஓட்டிவிடுவோம். நெஞ்சின் இரண்டு பக்கமும் ஷாக் கொடுக்கும் பேட்களை ஒட்டிவிடுவோம், ஏனென்றால் பாதியில் துடிப்பு தாறுமாறானால் கையால் இதயத்தைத் தொட வழியிருக்காது. பழைய கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டுவோம். ரம்பமும் வேறு, ஆழமாக இறங்காமல் அதிர்ந்து அதிர்ந்து எலும்பை மட்டும் வெட்டும் ரகம். அப்புறம் ஒட்டிக்கொண்டதை எல்லாம் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். முதல் தடவை சில நிமிடத்தில் முடிந்த அந்த வேலைக்கு இரண்டாவது தடவை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட ஆகும். உள்ளே போனதும் பழைய ரிங்கைத் தையல் தையலாக அவிழ்த்து எடுக்க வேண்டும். அதை ஒட்டியே இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் ஒரு குழாய் ஓடுகிறது, அவசரப்பட்டால் அதற்கு அடி. சில பேருக்கு நடு நெஞ்சைத் தொடாமல் வலது பக்க விலா இடுக்கு வழியாகவே போய்விடலாம், அம்மாவுக்கு அது சரிவருமா என்று கேளுங்கள்.

சொல்ல வருவது இதுதான். இந்த ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நேரம்தான். நடந்து வந்து, ரத்தம் சரியாக இருந்து, சிறுநீரகம் நன்றாக இருந்து, நாள் குறித்துப் படுக்கும் நோயாளிக்கு ஒரு கணக்கு. நுரையீரலில் தண்ணீர் கோத்து, ரத்த அழுத்தம் விழுந்து, ராத்திரி ஆம்புலன்ஸில் வரும் அதே நோயாளிக்கு முற்றிலும் வேறு கணக்கு. பயத்தில் தள்ளிப்போடுகிறவர்கள் ஆபரேஷனிலிருந்து தப்பிப்பதில்லை, அந்த இரண்டாவது கணக்குக்குப் போய்ச் சேருகிறார்கள். அம்மாவுக்கு இப்போது இரண்டு தலையணை. மூன்றாவது தலையணை வரும் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது? அவருக்குப் பயம் சாவைப் பற்றி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்த வரைக்கும் முதல் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பயம், தொண்டையில் குழாயோடு ஐ.சி.யூ.வில் கண் விழித்தது, இருமினால் நெஞ்சு பிய்ந்துபோன மாதிரி வலித்தது, பெற்ற பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்றது, இதெல்லாம்தான். "எதைம்மா நினைச்சு பயப்படறே" என்று உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். வலிக்கும் குழாய்க்கும் இப்போது முன்னைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

இன்னொன்று, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் நோட்டையும் பீரோவிலிருந்து தேடி எடுங்கள். என்ன ரிங், என்ன சைஸ், எந்த வழியாகத் திறந்தார்கள் என்ற விவரம் அதில்தான் இருக்கும். கிடைக்கவில்லையென்றால் முதலில் செய்த மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். புதிய சர்ஜனுக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

கேள்வி: வயது 34, ஐ.டி. வேலை. ஆறு வருடம் முன்பு மைட்ரல் வால்வு ரிப்பேர். இப்போது கசிவு அதிகம் என்கிறார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, படி ஏறுகிறேன், ஷட்டில் ஆடுகிறேன். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 58 சதவீதம், நார்மல் என்றே போட்டிருக்கிறது. எதற்கு ஆபரேஷன்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, அந்த 58-தான் எனக்குக் கவலை. மற்றவர்களுக்கு 58 நல்ல எண்தான். மைட்ரல் வால்வு பலமாகக் கசியும்போது இடது கீழறைக்கு வேலை சுலபம், ஏனென்றால் ரத்தத்தை முன்பக்கம் பெருந்தமனிக்குள் முழு அழுத்தத்தில் தள்ள வேண்டியதில்லை, பாதியைப் பின்பக்கம் மேலறைக்குள் எந்த எதிர்ப்பும் இல்லாமல் விட்டுவிடலாம். அதனால் பம்பிங் உண்மையில் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட வசதி இருந்தும் 60-க்குக் கீழே வந்துவிட்டது என்றால் தசை களைக்க ஆரம்பித்துவிட்டது என்றுதான் அர்த்தம். கூடவே, இதயம் முழுசாகச் சுருங்கிய நிலையில் இடது கீழறையின் குறுக்களவு எத்தனை என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். 40 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தால் இன்னொரு மணி அடித்த மாதிரி. இந்த இரண்டு எண்களையும் வைத்துத்தான் உலகம் முழுக்க இதய மருத்துவர்கள், தொந்தரவே இல்லாதவருக்கும் ஆபரேஷன் சொல்கிறார்கள். வால்வைச் சரிசெய்த பிறகு அந்தச் சுலபமான பின்வாசல் மூடிவிடும், பலவீனமான தசை முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கும். தாமதமாகச் செய்தால் வால்வு சரியாகிவிடும், இதயம் சரியாகாது.

இரண்டாவது ஆபரேஷன் என்பதால் இந்த எண்களை மட்டும் பார்த்து உடனே படுக்கச் சொல்ல மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் கசிவு எங்கிருந்து, ஏன் என்று தெளிவாகத் தெரியும். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தால், தொந்தரவே இல்லை என்று சொன்ன பல பேர் ஐந்தாவது நிமிடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்களுக்கே தெரியாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வாழப் பழகியிருப்பார்கள். உங்கள் வயதில் மறுபடியும் ரிப்பேர் செய்ய முடிகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அதனால் ரிப்பேரில் பழக்கம் உள்ள சர்ஜனைத் தேடிப் போங்கள். "வருஷத்துக்கு எத்தனை ரிப்பேர் செய்கிறீர்கள், மறு ஆபரேஷன் எத்தனை செய்கிறீர்கள்" என்று நேராகவே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேள்வி: என் கணவருக்கு வால்வு ரிப்பேர் செய்து நாலு மாதம். ஒரே அசதி, கண் மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுக்கிறோம். ரத்தம் 7 கிராமுக்கு இறங்கிவிட்டது. ஒரு தடவை ரத்தம் ஏற்றியும் நிற்கவில்லை. கசிவு கொஞ்சம்தான் இருக்கிறது என்று எக்கோவில் சொன்னார்கள்.
(வாசகி, மதுரை)

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாக உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பச் சொன்னேன், கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இது ஈரல் நோயாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ரிப்பேர் செய்த வால்வில் மெல்லிய கீற்றாக ஒரு கசிவு இருந்து, அந்த ரத்தம் வேகமாகப் பீய்ச்சி அடித்து ரிங்கின் துணி மேல் மோதினால், சிவப்பணுக்கள் மோதி மோதி உடையும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பொருள் கண்ணை மஞ்சளாக்கும், சிறுநீரைக் கறுக்க வைக்கும், ரத்தம் இறங்கிக்கொண்டே போகும். பார்க்கிறவர்களுக்கு அச்சு அசலாகக் காமாலைதான். இதில் குழப்பம் என்னவென்றால், கசிவின் அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றே இல்லை, அது எந்தக் கோணத்தில் எதன் மேல் மோதுகிறது என்பதுதான் முக்கியம். அதனால்தான் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

எல்.டி.ஹெச்., ஹாப்டோகுளோபின், ரெட்டிகுலோசைட் ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும், ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி உடைந்த அணுக்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதையும் செய்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். காய்ச்சல் இருக்கிறதா என்று கவனியுங்கள், வால்வில் கிருமித் தொற்று இருந்தாலும் ரிங் பிரியும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை, இரும்புச் சத்து, ரத்தம் ஏற்றுவது எல்லாம் தற்காலிகம். அணுக்கள் உடைவது நிற்கவில்லையென்றால் மறு ஆபரேஷன்தான் வழி, கசிவு கொஞ்சம்தானே என்று விட முடியாது. கீழாநெல்லியை நிறுத்துங்கள். அது கெடுதல் என்பதற்காகச் சொல்லவில்லை, அதை நம்பி ஓடிப்போகும் வாரங்கள்தான் கெடுதல். ரிப்பேர் செய்த மருத்துவமனைக்கே இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. 19 வயதில் வால்வு ரிப்பேர் ஆயிற்று. இப்போது மாற்ற வேண்டும் என்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை வேண்டும். மெக்கானிக்கல் வால்வு, டிஷ்யூ வால்வு என்று இரண்டு சொல்கிறார்கள். மாமியார் வீட்டில், ஒரேயடியாக நிற்கிற வால்வாகப் போடச் சொல் என்கிறார்கள்.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: வந்த கடிதங்களில் பதில் சொல்லக் கஷ்டமானது இதுதான். இரண்டிலுமே ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும், எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெக்கானிக்கல் வால்வு தேயாது, ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ ஒருநாள் விடாமல் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். கர்ப்பமானால் அந்த மருந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது குழந்தையின் எலும்பு, மூக்கு வளர்ச்சியைப் பாதிக்கலாம், கரு கலையவும் செய்யலாம். மருந்தின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும், வார்ஃபரின் தினம் 5 மில்லிகிராமுக்குள் போதுமானவர்களுக்குக் குறைவு. அதற்குப் பதில் ஹெபாரின் ஊசிக்கு மாறினால் குழந்தைக்குப் போகாது, ஆனால் வால்வு உறைந்து தாய்க்கு ஆபத்து வரும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே பாதிக்குப் பாதி கூடுகிறது, உறையும் தன்மையும் கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் வால்வோடு நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு வாரமும் கவனமாக நடக்க வேண்டிய பாதை அது.

டிஷ்யூ வால்வு, அதாவது பன்றி அல்லது மாட்டின் திசுவில் செய்தது. முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு, இதயத் துடிப்பு ஒழுங்காக இருந்தால் அசிட்ரோம் தேவையில்லை. கர்ப்பத்துக்கு இது ரொம்ப நிம்மதி. ஆனால் உங்கள் வயதில் அது சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து விறைக்கும். வயதானவர்களுக்குப் பதினைந்து வருடம் வருகிற வால்வு உங்களுக்குப் பத்து வருடம்கூட வராமல் போகலாம். அப்போது மூன்றாவது ஆபரேஷன்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். குழந்தை நிச்சயம் வேண்டும், மூன்றாவது ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே ஏற்றுக்கொள்கிறேன் என்றால், டிஷ்யூ வால்வு. மூன்றாவது தடவையை நினைத்தாலே தாங்காது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்கிற லேப் பக்கத்திலேயே இருக்கிறது, மாத்திரையில் நான் கறார் என்றால் மெக்கானிக்கல். இரண்டுக்கும் முன்னால், மறுபடியும் ரிப்பேர் முடியுமா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். எதுவானாலும் வால்வு வேலையை முடித்துவிட்டு, இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து சரி என்று சொன்ன பிறகே கருத்தரிக்க வேண்டும். இந்த முடிவு உங்களுடையது. கணவரை மட்டும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஒரேயடியாக நிற்கிற வால்வு என்று சொல்கிற உறவினர்கள் யாரும் உங்களுக்காகத் தினமும் மாத்திரை போடப்போவதில்லை.

கேள்வி: நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே வால்வு வைக்கிறார்களாமே? ரிப்பேர் தோற்றவர்களுக்கு அதைச் செய்யலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: செய்யலாம், எல்லோருக்கும் அல்ல. 2002-ல் பிரான்ஸின் அலன் கிரிபியே தொடை வழியாகப் பெருந்தமனி வால்வை முதன்முதலில் வைத்துக் காட்டினார், அங்கிருந்து வளர்ந்த முறைதான் இது. பழைய டிஷ்யூ வால்வு கெட்டுப்போனால் அதற்குள்ளேயே புதியதை வைப்பது இப்போது நன்றாகவே நடக்கிறது. ரிங் வைத்து ரிப்பேர் செய்த வால்வுக்குள் வைப்பது அவ்வளவு கச்சிதமாக அமைவதில்லை. ரிங் முழு வட்டமாக இருக்காது, சில ரிங்குகள் வளைந்து கொடுக்காது, ஓரத்தில் கசியும், சில பேருக்கு இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வழியையே அடைத்துவிடும். வயதானவர், சிறுநீரகம் மோசம், நெஞ்சைத் திறந்தால் தாங்க மாட்டார் என்றால் தாராளமாக யோசிக்கலாம். நாற்பது வயதுக்காரர் வலிக்குப் பயந்து இதைத் தேடிப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். செலவும் பல லட்சம்.

கேள்வி: டெர்மினேட்டர் நடிகருக்கு மூன்று தடவை இதய ஆபரேஷன் ஆயிற்றாமே, உண்மையா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: உண்மைதான். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் பிறவியிலேயே பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் உள்ளவர். 1997-ல் முதல் தடவை. அப்போது பெருந்தமனி வால்வோடு சேர்த்து மாற்றிய நுரையீரல் பக்க வால்வு தேய்ந்து 2018-ல் மாற்ற வேண்டி வந்தது. அதைக் குழாய் வழியாகவே செய்யப் பார்த்தார்கள், நடுவில் சிக்கலாகி நெஞ்சைத் திறந்தார்கள். திறக்க வேண்டி வந்தால் என்று குழு முன்கூட்டியே தயாராக நின்றது, அதுதான் காப்பாற்றியது. 2020-ல் பெருந்தமனி வால்வு. மறு ஆபரேஷன் என்றாலே வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிற என் நோயாளிகளிடம் இவரைப் பற்றிச் சொல்வது உண்டு.

கேள்வி: மாற்று வால்வு வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டுமா? எங்களால் அவ்வளவு செலவு செய்ய முடியாது.
(வாசகர், தருமபுரி)

பதில்: வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு இருக்கிறது. முதல் மூன்று மாடல்கள் சோதனையிலேயே தோற்றன. நான்காவதுதான் தேறியது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கிறது. உலோகச் சட்டத்துக்குள் பிளாஸ்டிக் தட்டு ஒன்று சாய்ந்து சாய்ந்து திறக்கும். வெளிநாட்டு வால்வைவிட விலை மிகவும் குறைவு, ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்தாயிற்று. செலவுக்கு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு ஆபரேஷன் உண்டு, தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரி இடங்களில் இதய அறுவைப் பிரிவு இருக்கிறது. காப்பீட்டு அட்டையையும் பழைய ஆபரேஷன் தாள்களையும் எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போய்க் கேளுங்கள். நகையை அடகு வைப்பது அதற்கு அப்புறம்.

கேள்வி: இரண்டாவது ஆபரேஷனில் மெக்கானிக்கல் வால்வு வைத்தாயிற்று. அசிட்ரோம் சாப்பிடுவதால் கீரையே தொடக் கூடாது என்கிறார்கள். புது மாத்திரை வந்திருக்கிறது, ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கீரை சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் சரிசெய்வார். மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு என்றால் ஐ.என்.ஆர். பொதுவாக 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். புது மாத்திரை வேண்டவே வேண்டாம். மெக்கானிக்கல் வால்வுக்கு அப்படிப்பட்ட புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை வைத்துச் செய்த ஆய்வில் ரத்த உறைவும் ரத்தக் கசிவும் இரண்டுமே கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள், 2013-ல் முடிவு வெளியானது. உடம்பு வலிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள், நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

ராத்திரி சத்தம் அடங்கிய பிறகு நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கும், பழகிவிடும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கி, கூடவே மூச்சும் வாங்கினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், வால்வு உறைந்திருக்கலாம்.

கேள்வி: வால்வையே மாற்றிய பிறகும் 21 நாளுக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி எதற்கு?
(வாசகர், வேலூர்)

பதில்: மாற்றியது ஒரு வால்வை. மிச்சம் இருக்கிற வால்வுகளும் இதயத் தசையும் உங்களுடையவைதான், இன்னொரு ருமாட்டிக் காய்ச்சல் வந்தால் அவற்றைத் தாக்கும், அது வராமல் தடுக்கத்தான் ஊசி. எத்தனை வயது வரை என்பதை டாக்டர் சொல்வார், பொதுவாக 40 வயது வரை, சில பேருக்கு ஆயுசுக்கும். அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்குத் தசையில் போடும் ஊசியால் ரத்தம் கட்டும் என்று பயம் இருந்தால் மாத்திரையாகவும் கிடைக்கிறது, கேளுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்த வேண்டாம்.

பல் பிடுங்கப் போனால் வால்வு மாற்றியதை, அல்லது ரிங் வைத்திருப்பதை, முதலில் சொல்லுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும், பெரும்பாலும் அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே தடவையாக. பெனிசிலின் ஊசி தொடர்ந்து போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வேறு மருந்து எழுதித் தருவார்கள். பல் ஆடுகிறது, ஈறில் ரத்தம் வருகிறது என்றால் மறு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள். புது வால்வு உள்ளே போன பிறகு வாயிலிருந்து போகும் ஒரு கிருமி போதும், மூன்றாவது ஆபரேஷனில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.